காது குத்தியிருந்த பொம்மை

நான் வேலை பார்த்த கடையில் இப்போது ஒரு கருவி வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். பொம்மையை நடுவில் நிறுத்தினால் அது சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, எங்கே கீறல், எங்கே பெயின்ட் உதிர்ந்திருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டி, ஏ, பி, சி என்று தரமும் சொல்லிவிடுமாம். என்னோடு வேலை பார்த்த பெண்கள் குரூப்பில் அதைப் படம் பிடித்துப் போட்டு, "ஆன்ட்டி, உங்க வேலை போச்சு" என்று சிரித்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன வேலை இன்னொரு முறை எப்படிப் போகும் என்று பதில் போட்டேன். பிறகு அவர்களே, வாங்குவதற்கு முன் ஒரு பொம்மையை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே ஒரு பொம்மை குறுக்கே வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது. அதையும் எழுதிவிட வேண்டியதுதான்.

நான் தங்கச் சுரங்கத்துக் கோரமண்டல்காரி. அப்பா மைசூர் மைன்ஸில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். எனக்குப் பெங்களூரில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலை, தினமும் ரயிலில் போய்வருவேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பல்சக்கரம் பொருத்துவேன். அதை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்? யாரோ சொல்லி அதே ஊரில் இந்தக் கடைக்குப் போனேன். ஜப்பான் கார்ட்டூனிலும் வீடியோ கேமிலும் வருகிற கதாபாத்திரங்களை ஒரு சாண் உயரத்துக்கு வினைல் பிளாஸ்டிக்கில் வார்த்து, கண் இமையிலிருந்து கால் நகம் வரை பெயின்ட் அடித்து விற்கிறார்களே, அந்தப் பொம்மைகள். குழந்தைகள் வாங்குவதில்லை. வேலைக்குப் போகிற பெரியவர்கள் வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கிறார்கள்; அலுத்துவிட்டால் எங்களிடம் விற்கிறார்கள். நாங்கள் வாங்கி, சுத்தம் செய்து, இன்னொருவருக்கு விற்கிறோம். வீட்டில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் கணவர் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை. "பொம்ம டாக்டரு" என்பார்.

அந்த டாக்டர் படிப்பை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நந்தினி மேடம். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர், ஹாசன் பக்கத்துப் பெண். தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் ஓடும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தால், பொம்மையின் குறைகளை நாம் எழுதிய அட்டையைத் திருப்பி நம் பக்கமாக வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். நாமே தப்பைக் கண்டுபிடிக்கும்வரை நிற்பார். ஒரு முறை இருபது நிமிடம் நின்றார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று இருக்கும். வேலைக்கு வரும் நாளில் பூ வைக்கக் கூடாது, வாசனை பவுடர் கூடாது, கையில் வளையல் கூடாது. மூக்குதான் முதல் கருவி என்பார்.

அவர் சொன்ன வரிசை இது. முதலில் பெட்டி. மூலைகள் நசுங்கியிருக்கிறதா, வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்திருக்கிறதா, ஒட்டிய டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா. பெட்டியைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முகர வேண்டும்: சிகரெட், பாச்சை உருண்டை, ஈரச் சுவர், எதுவானாலும் எழுது. பிறகு எடை, போலி எப்போதும் ஐந்தாறு கிராம் ஏமாற்றும். பிறகு பீடம், பாதம், கணுக்கால். வருடக்கணக்காக நின்ற பொம்மை கணுக்காலில்தான் சாயும். பிறகு முதுகு, முடி நுனி, விரல்கள். விரலால் தடவிப் பிசுபிசுப்பு. நகத்தால் தட்டிச் சத்தம். ஒட்டிய இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகம் இருந்தால் இருட்டறையில் ஊதா டார்ச் அடித்துப் பார். ஒட்டுப் பசை நீலமாக மின்னும். முகம் கடைசி.

"முகத்த மொதல்ல பாத்தா நீங்க கஸ்டமர் ஆய்டுவீங்க கஸ்தூரியம்மா. அது சிரிக்கும், நீங்க ஏமாந்துடுவீங்க. கொற எல்லாம் எழுதி முடிச்சிட்டு அப்பறம் பாருங்க" என்றார்.

அந்த வரிசையை நான் ஒரு நாளும் மீறியதில்லை. பிரிக்காத பெட்டி என்று சொல்லி வந்ததைப் பிரித்த பெட்டி என்று கண்டுபிடித்திருக்கிறேன். அசலைப் போலி என்று சொல்லி ஒரு கல்லூரிப் பையனை அழ வைத்துவிட்டு, அடுத்த நாள் போன் போட்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் பொம்மை என்று யார் எண்ணினார்கள்? எல்லாம் மறந்துவிட்டது.

மறக்காதது ஒரு திங்கட்கிழமை வந்தது. முப்பது வயதிருக்கும் ஒருவர், பெயர் பிரவீன், பெரிய அட்டைப் பெட்டியில் இருபத்து மூன்று பொம்மைகள் கொண்டுவந்தார். பெங்களூர் விலாசம் எழுதினார். நான் முதல் பெட்டியின் மடிப்பை விரித்ததும் உள்ளே சாம்பல் நிறத் தூள். பவுடரைவிட மெல்லியது, விரலில் பட்டால் வழுக்கும். அது எனக்குத் தெரியாத தூளா? தங்கம் எடுத்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் எங்கள் வீட்டுச் சோற்றிலேயே விழுகிற தூள். எங்கள் சுரங்கக் குடியிருப்புகளை லைன் என்போம்; தலையைத் தூக்காமலே கேட்டேன்.

"எந்த லைன் தம்பி?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "மைசூர் மைன்ஸு, அக்கா. நீங்க?"

"கோரமண்டல். பொம்ம யாருது?"

"தங்கச்சிது. அதுக்கு இப்ப வேணாம்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கல்யாணமாகிப் போன பெண்ணாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் பொம்மைகளைக் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் மனதில் பதிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டிக்கு நேரமாகிறது என்று ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

இருபத்திரண்டு பொம்மைகள் அருமையான நிலையில் இருந்தன. பார்த்துப் பார்த்து வைத்திருந்த பெண். இருபத்து மூன்றாவதுதான் அது. பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண், ஊதா நிற முடியைத் தூக்கி முடிந்திருக்கும், ஒரு கையை முன்னால் நீட்டியிருக்கும். பெட்டி இல்லை. பழைய பருத்தித் துணியில் சுற்றி வந்திருந்தது.

வரிசைப்படி ஆரம்பித்தேன். வாசனை: கற்பூரம், நல்லெண்ணெய். எழுதினேன். பாதங்களில் மஞ்சள் கறை. எழுதினேன். கைகளின் மேல்புறம் மஞ்சள் கறை. முடியில் புகை படிந்து மங்கல். கழுத்தைச் சுற்றி நூல் அறுத்த மாதிரி மெல்லிய தடம். இடது மூக்கில் ஊசி முனைப் புள்ளி. இரண்டு காது மடலிலும் ஊசித் துளை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை. முகம் கடைசி: நெற்றி, இரண்டு கன்னம், தாடை, மஞ்சள் கறை. தரம் சி. பொம்மையைப் பிடித்து இப்படிக் கண்டபடி குத்தி வைத்திருக்கிறார்களே, ஏதோ குழந்தை கையில் கிடைத்திருக்கிறது என்று எரிச்சல்தான் பட்டேன்.

எங்களைப் போல வட ஆற்காட்டு வம்சத்தில் பிறந்த எவளும் அந்த அட்டையைப் படித்த மாத்திரத்தில் எழுந்து நின்றிருப்பாள். நான் அதை எழுதியே முடித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குறை குறையாகப் பார்த்துப் பழகிய கண் குறையைத்தான் பார்க்கும். இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நந்தினி மேடம் அட்டையைப் படித்தார். "இது சுலபமா கெடைக்காத பீஸ். சுத்தம் பண்ணி, காத அடைச்சா பி வரும்" என்றார்.

செய்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு, பஞ்சுக் குச்சி. புகையும் எண்ணெயும் போயின. துளைகளில் பிசின் மாவை ஊசி முனையால் திணித்து, காய்ந்ததும் தேய்த்து, தோல் நிறத்தைக் கலந்து மூன்று பூச்சு. என் கண்ணுக்கே துளை இருந்த இடம் தெரியவில்லை. மஞ்சள் மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது. மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. ஜன்னலோரம் வைத்தேன். சாயங்காலத்துக்குள் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் அலமாரியைத் திறந்தால் நெற்றியில் மஞ்சள். கன்னத்தில் மஞ்சள். முந்தின நாள் எங்கே இருந்ததோ அதே இடத்தில்.

சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி துடைத்து, மறுபடி வெயில். போய்விட்டது. புதன்கிழமை காலையில் மறுபடி இருந்தது. இந்த முறை நெற்றியில் இருந்தது முன்பைவிட வட்டமாக, யாரோ அப்போதுதான் வைத்துவிட்டுப் போன மாதிரி ஈரமாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் பிசுபிசுத்தது. அந்த அலமாரியின் சாவி என்னிடமும் மேடத்திடமும் மட்டும்தான்.

மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு அசையவில்லை. "பிளாஸ்டிக் குடிக்கும் கஸ்தூரியம்மா. வருஷக்கணக்கா குடிச்சத மெல்லக் கக்கும். இன்னும் ரெண்டு தடவ வெயில்ல வைங்க." சொன்னது சரிதான். வினைலில் உள்ள எண்ணெய் மெல்ல மேலே வரும், சாயத்தையும் கூட்டிக்கொண்டு வரும். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் சொல்லிவிட்டு அவர் தன் கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டார். அன்று முழுக்க அந்த மேசைப் பக்கம் வரவில்லை.

வருஷக்கணக்கா குடிச்சது என்றாரே, அப்படியானால் ஒரு நாள் பட்ட கறை இல்லை இது. யாரோ வருடக்கணக்காக ஒரே இடத்தில் மஞ்சள் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் வந்த பிறகு ரயிலில் வீட்டுக்குப் போகும்போது என் விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டே போனேன். சோப்புப் போட்டுக் கழுவியும் மஞ்சள் வாசனை போகவில்லை.

வியாழக்கிழமையும் துடைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் முகம் சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அதற்குள் பூனாவிலிருந்து ஒருவர் அதைப் பதிவு செய்துவிட்டார். மத்தியானம் கூரியர் வந்து எடுத்துப் போகும். அனுப்பும் முன் கடைசியாக ஊதா டார்ச் பார்வை, காதில் அடைத்தது மின்னுகிறதா என்று பார்க்க. பொம்மையை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். அறை என்ன அறை, துடைப்பம் வைக்கிற மறைவு. கதவைச் சாத்திவிட்டு டார்ச்சைப் போட்டேன்.

காது மின்னவில்லை. மற்றதெல்லாம் மின்னியது. கண்ணுக்குத் தெரியாமல் போன மஞ்சள் அத்தனையும் இருட்டில் பச்சையும் மஞ்சளுமாக எரிந்தது. நெற்றியில் ஒன்று. இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று. தாடையில் ஒன்று. நீட்டிய கையின் மேல், மடங்கிய கையின் மேல், இரண்டு பாதத்தின் மேல். பூதக்கண்ணாடியை வைத்தேன். கன்னத்தில் இருந்தது வெறும் புள்ளி இல்லை. விரல் ரேகை. ஒரே விரல், ஒன்றின்மேல் ஒன்றாக, எத்தனை தடவை என்று சொல்ல முடியாதபடி.

நெற்றி, கன்னம், தாடை, கை, கால். இந்த வரிசையில் எனக்கும் வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் என்னை மணையில் உட்கார வைத்து, என் அத்தைகள் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். நலங்கு. என் கையில் இருந்தது பொம்மை இல்லை, நலங்கு வைத்த பெண்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் செத்துப்போனால் அவள் வீட்டைவிட்டுப் போவதில்லை. பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வீட்டில் ஒரு மூலை அவளுக்கு. துணி, வளையல், பூ வைத்துப் படைப்போம். அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் என்றால் முதலில் அவளைக் கூப்பிட்டு, அவளிடம் கேட்டு, அவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் பந்தக்கால். சாதாரணமாக அவளைக் கலசத்தில்தான் வைப்போம். தங்கச்சிக்கு இப்ப வேணாம் என்று பிரவீன் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரோ ஒரு தாய் தன் மகளுக்குப் பிடித்த பொம்மையிலேயே அவளை வைத்திருக்கிறாள். காது குத்தி, மூக்குக் குத்தி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மணப்பெண்ணாக்கியிருக்கிறாள். நான் அவளைச் சோப்புப் போட்டுக் கழுவி, காதை அடைத்து, பூனாவுக்கு அனுப்ப அட்டைப் பெட்டி மடித்து வைத்திருக்கிறேன்.

டார்ச்சை அணைக்கவும் பயமாக இருந்தது, அணைக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

நந்தினி மேடத்தை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். நலங்கு என்றால் அவருக்குத் தெரியாது. ஆனால் அரிசின சாஸ்திரம் தெரியும், அவர் ஊரிலும் மஞ்சள் வைக்கிறார்களே. டார்ச்சைத் தானே வாங்கி அடித்துப் பார்த்தார்.

"அய்யோ, நோடி... பாருங்க, இது யார் கை?" என்றார்.

"அம்மா கையா இருக்கும் மேடம்."

வெளியே வந்து பூனாக்காரருக்குத் தானே போன் செய்து இல்லையென்று சொன்னார். பிறகு என் அட்டையை எடுத்தார். ஒரு எழுத்துத் தப்பானாலும் இருபது நிமிடம் நிற்கிற அந்த அம்மாள், தரம் என்ற இடத்தில் தன் கையாலேயே, "பரிசோதனையில் உடைந்தது" என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்க்காமல், "மத்தியான வண்டிக்கே போங்க" என்றார்.

பிரவீன் கொடுத்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. பொம்மையை அது வந்த பழந்துணியிலேயே சுற்றி, கையிலிருந்த ஊதா டார்ச்சோடு பையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினேன். பெட்டியில் கூட்டமில்லை. பையைப் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை, மடியில் வைத்தேன். பங்காரப்பேட்டையில் வண்டி நின்றபோது பார்க்கிறேன், என் கை பையைத் தட்டிக்கொண்டிருக்கிறது, தூங்கும் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. எதிரே இருந்த அம்மாள் மெதுவான குரலில், "எத்தினி மாசம்?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோரமண்டலில் இறங்கி, மைசூர் மைன்ஸுக்கு ஆட்டோ பிடித்தேன். பொண்ணு தவறிப்போன வீடு, பையன் பேர் பிரவீன் என்று சொன்னதுமே லைனில் உள்ளவர்கள் கை காட்டினார்கள். "சுகுணா வூடா? போய்ப் பாருக்கா, அஞ்சு நாளா அந்தம்மா ஒண்ணும் துன்றதில்ல" என்றாள் ஒருத்தி.

கதவைத் திறந்தது பிரவீன். என்னைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தார். வாசலிலேயே குரலைத் தாழ்த்தி, "எங்கம்மாக்கு நான் சொல்லலக்கா" என்றார்.

"இன்னா சொல்லல?"

"எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க வரப்ப, பொம்மைக்கு அம்மா சோறு ஊட்டினு இருந்தா இன்னா நெனைப்பாங்க? அதான் அம்மா மார்க்கெட்டு போனப்ப எல்லாத்தையும் தூக்கினு வந்துட்டேன். அம்மா, அவளே கெளம்பிப் போயிட்டான்னு நெனச்சிகிச்சி. அப்பறம் நான் எப்பிடிக்கா சொல்றது?"

உள்ளே பாயில் சுகுணா படுத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தலைமாட்டில் காப்பி ஆடை கட்டிப்போய் இருந்தது. சுவரோரம் ஒரு சின்ன மணை, காலியாக. அதன் முன்னால் ஒரு கிண்ணத்தில் சோறு, அது மட்டும் அன்றைக்கு வடித்த சோறு.

"கேக்காம பேசி முடிச்சிட்டோம்மா" என்றார் என்னிடம், நான் யாரென்று கூடக் கேட்காமல். "எங்க ஹேமா ரோசக்காரி. அண்ணன் கல்யாணத்த எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களான்னு எழுந்து போயிட்டா. அவ வராம நான் வாயில ஒண்ணும் வெக்க மாட்டேன். வரலன்னா நான் போறேன் அவகிட்ட."

சும்மா சொல்கிற குரல் இல்லை அது. போவதற்குத் தயாரான குரல். துணியைப் பிரித்துப் பொம்மையை அவர் கையில் வைத்தேன்.

சுகுணா எழுந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் ஒரு பொம்மையை அப்படிச் சோதித்து நான் பார்த்ததில்லை. முதலில் முகர்ந்தார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு காது. இந்தக் காது, அந்தக் காது. விரல் நுனியால் தடவித் தடவி, துளையைத் தேடினார். பொம்மையை என்னிடமே நீட்டினார்.

"இது அவ இல்ல. இது கடைப் பொம்ம. எம்பொண்ணுக்கு நான் காது குத்தியிருக்கேன்."

என் வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்றிதழ் அது. அதைக் கேட்டபோது செத்துவிடலாம் போலிருந்தது.

"அவதாம்மா. நாந்தான் காத அடைச்சேன். தெரியாம அடைச்சிட்டேன்" என்றேன். அவர் நம்பவில்லை. எத்தனையோ பேர் இந்த ஐந்து நாளில் எதையெதையோ சொல்லிச் சாப்பிட வைக்கப் பார்த்திருப்பார்கள். பொம்மையைப் பாயில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தச் சொன்னேன். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு கோடு வெளிச்சம் தவிர அறை இருட்டு. "சுகுணாம்மா, ஒரே ஒரு தரம் திரும்புங்க" என்று சொல்லி, பையிலிருந்து ஊதா டார்ச்சை எடுத்து அடித்தேன்.

நெற்றி எரிந்தது. கன்னங்கள், தாடை, கைகள், பாதங்கள். பிரவீன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சுகுணா பயப்படவில்லை. மெல்லத் தவழ்ந்து வந்து, வலது கை மோதிர விரலை நீட்டி, பொம்மையின் கன்னத்தில் எரிகிற புள்ளியின்மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது. விரலை எடுத்தபோது அவர் விரல் நுனியும் அதே நிறத்தில் எரிந்தது.

"வந்துட்டியா" என்றார். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் அவர் தலையைச் சாய்த்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட எப்பிடி வந்தா?"

நான் பிரவீனைப் பார்த்தேன். சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நாந்தாம்மா தூக்கினு போனேன்" என்றார் அவர் இருட்டில். "அது போவல. நான் தூக்கினு போய் வித்துட்டேன்."

அடி விழும், ஒப்பாரி வரும் என்று நினைத்தேன். சுகுணா ஜன்னலைத் திறக்கச் சொன்னார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, அலமாரியிலிருந்து ஒரு ஊசியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"நீ அடைச்சத நீயே குத்து. டேய், மடியில ஒக்கார வை."

பிரவீன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொம்மையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கையால் பர்ஸை எடுத்து, அதிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பாயில் வைத்தார். அதில் தலைமுடி கனத்துக்குத் தங்கக் கம்பி, இரண்டு சின்ன வளையங்கள். விற்க வரும் முன் பொம்மையின் காதிலிருந்து கழற்றியிருக்கிறார். எங்கும் தூக்கிப் போட முடியாமல் ஐந்து நாளும் பர்ஸில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார். சுகுணா அதைப் பார்த்துவிட்டு மகனின் தலையில் கை வைத்தார்.

நான் அடைத்த பிசின் நன்றாக இறுகியிருந்தது. ஊசி இறங்கவில்லை. ஊசியைத் தீயில் காட்டினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிவிடும், அதுதான் முறை. விளக்கு கேட்டேன்.

"சூடு வேணாம். சுட்டுடும் அவளுக்கு" என்றார் சுகுணா.

கையாலேயே அழுத்தினேன். கட்டைவிரல் நோகும் அளவுக்கு அழுத்தினேன். பிசினில் கறுக் கறுக்கென்று சத்தம் வந்தது. பொம்மை என்றும் வித்துட்டேன் என்றும் சொன்ன மனிதர், பொம்மையின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "மெதுவாக்கா, மெதுவா. முன்ன குத்துனப்பவே ரொம்ப அழுதா" என்றார். எந்த முறை குத்தியதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஊசி மறுபக்கம் வந்தது. துளை வாயில் ஒரு சொட்டு எண்ணெய், மஞ்சளாக, மெல்லத் திரண்டது. வினைல் கக்குகிற எண்ணெய் என்று எனக்குத் தெரியும். சுகுணா அதை முந்தானை நுனியால் ஒற்றியெடுத்து, முதல் வளையத்தைப் போட்டார்.

"முடிஞ்சிடுச்சி கண்ணு, அழாத" என்றேன் நான். "இன்னும் ஒரு காதுதான்."